ஸ்கேனில் ஒன்றும் இல்லை, அம்மாவுக்கோ பத்துக்குப் பத்து வலி: எதை நம்புவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாலக்கோடு பக்கத்துக் கிராமம். அம்மாவுக்கு வயது 62. நாலைந்து வருஷமாக முட்டிவலியும் இடுப்புவலியும். எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ. எல்லாம் எடுத்தாகிவிட்டது, "வயசுக்கு ஏத்த தேய்மானம்தான், பெருசா ஒண்ணும் இல்லை" என்கிறார்கள். ஆனால் "பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு வலிக்குது?" என்று கேட்டால் அம்மா ஒவ்வொரு தடவையும் "பத்து" என்கிறார். வாரத்துக்கு ஒரு ஊசி போட்டால்தான் நடமாட முடிகிறது. சர்க்கரையை அளப்பதுபோல வலியை அளக்கக் கருவி இல்லையா, அம்மா சொல்வதை அப்படியே நம்பலாமா, ஊசியைத் தொடரலாமா என்று மகன் கேட்டிருக்கிறார்.

நான் பிசியோதெரபிஸ்ட். தர்மபுரி, கிருஷ்ணகிரி ஊர்களில் வீடுவீடாகப் போய் மூட்டுவலி, பக்கவாதம், புற்றுநோய் வலி பார்ப்பதுதான் வேலை. நேராகவே சொல்கிறேன்: அப்படி ஒரு கருவி இல்லை. அம்மா சொல்வதை நம்புங்கள். ஆனால் "பத்து" என்ற அந்த ஒற்றை எண்ணோடு நின்றுவிடாதீர்கள். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

கருவி செய்ய யாரும் முயலவில்லை என்று நினைக்க வேண்டாம். 1940-களில் நியூயார்க்கில் ஹார்டி, உல்ஃப், குடெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் 'டோலோரிமீட்டர்' என்று ஒன்றைச் செய்தார்கள். நெற்றியில் கறுப்பு மை தடவி, சக்திவாய்ந்த விளக்கின் வெப்பத்தை லென்ஸ் வழியாக அந்த இடத்தில் பாய்ச்சுவார்கள். எந்தச் சூட்டில் வலி தொடங்குகிறது, எந்தச் சூட்டுக்கு மேல் கூடுவதில்லை என்று பார்த்து, வலிக்கு 'டோல்' என்று ஓர் அலகே வைத்தார்கள். பிரசவ வலியில் இருந்த பெண்களின் கையில், ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவில் சூடு வைத்து, "இப்போது வந்த வலி இந்தச் சூட்டுக்குச் சமமா?" என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். அதைப் படிக்கும்போது இன்றைக்கும் எனக்கு மனசு ஆறுவதில்லை. இத்தனைக்குப் பிறகும் கருவி நிற்கவில்லை. மற்ற ஆய்வுக்கூடங்களில் அதே விடை வரவில்லை. அதைவிட முக்கியம், ஆய்வுக்கூடத்தில் நாமே உண்டாக்கும் வலியும், நோயாளி படும் வலியும் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. மார்ஃபின் கொடுத்தால் அறுவை சிகிச்சை முடிந்தவரின் வலி நன்றாக அடங்கும். விளக்குச் சூட்டு வலியில் அதே மருந்தின் விளைவைப் பிடிப்பதே கஷ்டமாக இருந்தது.

இதை வலியுறுத்திச் சொன்னவர் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருத்துவர். இரண்டாம் உலகப் போரில் இத்தாலிப் போர்முனையில் பலத்த காயம்பட்ட வீரர்களிடம் "வலிக்கிறதா, மருந்து வேண்டுமா?" என்று கேட்டுக் குறித்துவைத்தார். 1946-ல் அதை வெளியிட்டார். எலும்பு முறிந்தவர்கள், வயிற்றில் குண்டு பாய்ந்தவர்கள் மத்தியிலும் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் அந்த நேரத்தில் வலிமருந்து வேண்டாம் என்றார்கள். அவர்கள் அதிர்ச்சியில் உணர்விழந்தவர்கள் அல்லர். ரத்தம் எடுக்க ரத்தக்குழாயைத் தேடிக் குத்தினால் எல்லோரையும்போல முகம் சுளித்தவர்கள்தான். போர்முனையிலிருந்து உயிரோடு வெளியே வந்துவிட்டோம் என்பது அந்தக் காயத்துக்கு அர்த்தம். அதே அளவு காயம் வீட்டில் இருக்கும் ஒருவருக்கு ஏற்பட்டால், வேலை போச்சு, குடும்பம் என்னாகும் என்பது அர்த்தம். காயத்தின் அளவு ஒன்றானாலும் வலியின் அளவு ஒன்றாக இருப்பதில்லை.

1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் இதற்கு உடம்புக்குள்ளேயே ஒரு வழிமுறையை முன்வைத்தார்கள். முட்டியிலிருந்து கிளம்பும் சேதி நேராக மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. தண்டுவடத்தில் அதைக் கூட்டவும் குறைக்கவும் ஏற்பாடு இருக்கிறது. தொடு உணர்வு நரம்புகள் அதைக் குறைக்கும். இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் சுகமாக இருப்பது அதனால்தான். மூளையிலிருந்து கீழே இறங்கும் கட்டளைகளும் அதைக் கூட்டும், குறைக்கும். பயம், தூக்கமின்மை, மனச்சுமை எல்லாம் கூட்டுகிற பக்கம். 1983-ல் கிளிஃபோர்ட் வுல்ஃப் இன்னொன்றைக் காட்டினார்: வலிச் சேதி தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் தண்டுவட நரம்புகளே கூர்மையாகிவிடுகின்றன. அதன்பிறகு சின்னச் சேதிக்கும் பெரிய வலி. உங்கள் அம்மாவுக்கு ஸ்கேனில் தெரிவதைவிட வலி அதிகமாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நடிப்பு என்று எடுத்துக்கொள்ள இதில் இடமே இல்லை.

ஸ்கேனைப் பற்றி ஒரு விஷயம். வலியே இல்லாத மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் முதுகெலும்பு ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வந்தது. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டில் (டிஸ்க்) தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். அதாவது படத்தில் தேய்மானம் இருந்தும் வலி இல்லாதவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். படம் சுத்தமாக இருந்து வலியில் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். கட்டி, முறிவு, கிருமித்தொற்று, நரம்பு அழுத்தம் இவற்றைக் கண்டுபிடிக்க ஸ்கேன் அவசியம். வலி எவ்வளவு என்பதை அது காட்டாது.

"அப்படியானால் மூளையை ஸ்கேன் செய்யலாமே?" என்று அடுத்து கேட்பார்கள். அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. 2013-ல் டோர் வேகர் குழுவினர், கையில் சூடு வைக்கும்போது மூளையில் உண்டாகும் செயல்பாட்டு வடிவத்தை வைத்து, வலிக்கும் சூட்டையும் வெறும் வெதுவெதுப்பையும் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் பிரித்துக் காட்டினார்கள். பெரிய சாதனைதான். ஆனால் அது நல்ல உடல்நிலையில் இருந்த தன்னார்வலர்களுக்கு நாமே கொடுத்த சூடு. வருஷக்கணக்கான முதுகுவலி மூளையில் வேறு இடங்களுக்கு, உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகளுக்கு, நகர்ந்துவிடுவதை அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு காட்டியது. மூளை ஸ்கேனை வைத்து ஒருவருக்கு வலி உண்டா இல்லையா என்று தீர்ப்பு சொல்லக் கூடாது என்று சர்வதேச வலி ஆய்வுக் கழகத்தின் குழு 2017-ல் தெளிவாக எழுதியது. அதே கழகம் 2020-ல் வலியின் வரையறையைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று கூடவே சேர்த்தது. வாயால் சொல்ல முடியாதவர்களுக்கு வலி இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்தது.

இந்தக் கடைசி வரி லேசுப்பட்டதல்ல. 1980-கள் வரை பச்சிளம் குழந்தைகளுக்குப் பல நாடுகளில் போதுமான மயக்க மருந்து இல்லாமலே அறுவை சிகிச்சை நடந்தது; உடம்பு அசையாமல் இருக்க மருந்து கொடுத்தார்கள், வலிக்குக் கொடுக்கவில்லை. அவற்றுக்கு வலி தெரியாது என்ற நம்பிக்கை. கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய வம்சாவளி மருத்துவர் 1987-ல் வெளியிட்ட ஆய்வில், சரியான வலிமருந்து கொடுத்த குறைமாதக் குழந்தைகளுக்கு அறுவையின்போது உடம்பு படும் அதிர்ச்சி குறைவு, சிக்கல்களும் குறைவு என்று காட்டினார். அதன்பிறகுதான் பழக்கம் மாறியது. சொல்லத் தெரியாதவரை நம்பாமல் விட்டால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் இதைவிடக் கொடுமையான சாட்சி எனக்குத் தெரியவில்லை. இன்று குழந்தைகளுக்கு முகம், கால், அசைவு, அழுகை, சமாதானமாகும் தன்மை ஐந்தையும் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. மறதி நோய் வந்த பெரியவர்களுக்கும் அதுபோல் ஒன்று உண்டு.

இப்போது அம்மாவின் "பத்து". எங்கள் பக்கம் பெரியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன நடக்கிறது என்று பலமுறை பார்த்திருக்கிறேன். பென்னாகரம் பக்கம் ஒரு அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். "எவ்ளோ சொன்னா ஊசி போடுவீங்க சாமி?" என்றார். அவருக்கு அந்த எண் மருந்து வாங்கும் சீட்டாகத்தான் தெரிந்தது. பேச்சை மாற்றி, "காலைல எந்திரிச்சதும் கட்டில்ல இருந்து எப்படி இறங்குவீங்க?" என்றேன். கொட்டித் தீர்த்துவிட்டார். முதலில் வலது காலைக் கையால் தூக்கி வைப்பதாம். சுவரைப் பிடித்து ஐந்து நிமிஷம் நின்றால்தான் இடுப்பு நிமிருமாம். மாட்டுக்குத் தண்ணி காட்டுவதை விட்டுவிட்டாராம். தரையில் உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும் என்பதால் கல்யாண வீட்டுக்குப் போவதில்லையாம். அவர் சொன்ன ஒவ்வொன்றும் ஓர் அளவு.

ஆராய்ச்சியும் இந்தப் பக்கம்தான் வந்திருக்கிறது. 2009-ல் வந்த ஒரு சின்ன அளவுகோலில் மூன்றே கேள்வி: போன ஒரு வாரத்தில் சராசரி வலி எவ்வளவு, வாழ்க்கையில் சந்தோஷமாக இருப்பதை அது எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலையை எவ்வளவு கெடுத்தது. மூன்றுக்கும் பூஜ்யம் முதல் பத்து. எண் என்பது ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிட அல்ல; அதே ஆளை அவருடைய போன மாதத்தோடு ஒப்பிட. 2001-ல் ஆயிரக்கணக்கான நாள்பட்ட வலி நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், எண் இரண்டு புள்ளி அல்லது 30 சதவீதம் இறங்கினால்தான் "நல்லா தேவலை" என்று நோயாளி உணர்கிறார் என்று தெரிந்தது. ஆகவே ஒரு நோட்டில் வாரம் ஒருமுறை இந்த மூன்றையும் எழுதுங்கள். எண் பிடிபடவில்லை என்றால் இல்லை, கொஞ்சம், நடுத்தரம், தாங்க முடியவில்லை என்று நாலு சொல் போதும். கூடவே ஒரு வேலையையும் எழுதுங்கள்: வாசல் வரை நடந்தார், கடை வரை நடந்தார் என்பது மாதிரி. அடுத்த முறை டாக்டரிடம் அந்த நோட்டைக் காட்டினால் "பத்து" என்பதைவிட நூறு மடங்கு பயன்.

வலி எப்படிப்பட்டது என்பதும் எவ்வளவு என்பதற்கு நிகராக முக்கியம். இதற்காகவே மெல்சாக் 1975-ல் 78 வலிச் சொற்களை அடுக்கி ஒரு கேள்வித்தாள் செய்தார். அம்மாவிடம் கேளுங்கள்: குடைகிறதா, கடுக்கிறதா, பிடித்துக்கொள்கிறதா? இவை பெரும்பாலும் மூட்டு, தசை வலி. எரிகிறதா, ஷாக் அடிப்பதுபோல் சுரீரென்று இறங்குகிறதா, எறும்பு ஊருகிறதா, மதமதவென்று இருக்கிறதா, சேலை பட்டாலே கூசுகிறதா? இது நரம்பு வலியாக இருக்கலாம். சர்க்கரை இருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். நரம்பு வலிக்குச் சாதாரண வலி மாத்திரையும் ஊசியும் அவ்வளவாகக் கேட்காது. குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், டுலாக்செட்டின், பிரிகாபலின் போன்றவை கேட்கும். அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த ஒரு விவரத்தைச் சொல்லாமல் விட்டதால் வருஷக்கணக்கில் தவறான மாத்திரை சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊசிக்கு வருகிறேன். "ஊசி போட்டாத்தான் எனக்குக் கேக்கும்" என்று அம்மா சொன்னால் அதிலும் பொய் இல்லை. 1978-ல் பல் பிடுங்கிக்கொண்டவர்களிடம் நடந்த ஆய்வில், மருந்தே இல்லாத ஊசியால் வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் என்ற, மார்ஃபினை முறிக்கும் மருந்தைக் கொடுத்தபோது வலி திரும்ப ஏறியது. நம்பிக்கையால் உடம்பே தனக்குள் மார்ஃபின் போன்ற பொருளைச் சுரக்கிறது என்பதற்கு அதுதான் முதல் சான்று. பின்னால் வந்த ஆய்வில், நோயாளி பார்க்கப் போட்ட வெறும் உப்புநீர் ஊசி, அவருக்குத் தெரியாமல் குழாய் வழியாகச் செலுத்திய 6 முதல் 8 மில்லிகிராம் மார்ஃபினுக்கு ஈடாக வேலை செய்தது. ஆக, சுகம் நிஜம். கவலை வேறு இடத்தில். வாரா வாரம் போடுவது பெரும்பாலும் டைக்ளோஃபினாக். சில இடங்களில் கூடவே ஸ்டீராய்டு. டைக்ளோஃபினாக் தொடர்ந்து போனால் சிறுநீரகம், இரைப்பை, இதயம் மூன்றுக்கும் ஆபத்து. ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் இருப்பவருக்கு இரட்டிப்பு ஆபத்து. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பைக் கரைக்கும். ஊசியில் என்ன மருந்து என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். இத்தனை நாள் போட்டதற்கு சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு மாதக்கணக்கில் போயிருந்தால் சட்டென்று நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

இன்னும் பலமான மாத்திரை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு: நாள்பட்ட முதுகு, முட்டி, இடுப்பு மூட்டு வலி உள்ள 240 பேரிடம் ஒரு வருஷம் நடந்து 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஓபியாய்டு எனப்படும் மார்ஃபின் வகை மாத்திரைகள் சாதாரண வலிமருந்துகளைவிட நடமாட்டத்தை மேம்படுத்தவில்லை; வலியில் சாதாரண மருந்து எடுத்தவர்களே கொஞ்சம் மேலாக இருந்தார்கள். பெங்களூருக்குப் போய்த் துளை போட்டு முட்டியைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரலாமா என்று ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் நிறையப் பேர் கேட்கிறார்கள். தேய்மான முட்டிவலி உள்ள 180 பேரில் ஒரு பகுதியினருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பிய ஆய்வு 2002-ல் வந்தது. இரண்டு வருஷம் தொடர்ந்து பார்த்தும், நிஜமாகவே சுத்தம் பண்ணிக்கொண்டவர்கள் அவர்களைவிட நன்றாக இல்லை. வெறும் தேய்மானத்துக்கு அந்தச் செலவு வேண்டாம். மூட்டு மாற்று சிகிச்சை வேறு சங்கதி. கடைசிக் கட்டத்தில் அது நன்றாகவே பலன் தருகிறது.

பலன் தருவது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது பயிற்சி. தொடைத் தசை பலமானால் முட்டியின் சுமை குறையும். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நிறுத்துவது, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுவது, தினமும் கொஞ்சம் நடை. முதல் இரண்டு மூன்று வாரம் வலி லேசாகக் கூடலாம். "வலிக்குது, எலும்பு இன்னும் தேயுது" என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். தேய்வதில்லை. மறுநாள் காலைக்குள் வலி பழைய நிலைக்குத் திரும்பினால் அந்த அளவு சரி. உடல் எடை அதிகமாக இருந்தால், ஒரு கிலோ குறைத்தாலே நடக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு ஏறக்குறைய நாலு கிலோ சுமை குறையும். டைக்ளோஃபினாக் ஜெல்லை முட்டியில் தடவுவது மாத்திரைக்குக் கிட்டத்தட்ட ஈடான பலன் தரும், ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு.

கேப்சைசின் களிம்பும் உண்டு. மிளகாய் அரைத்த கை எரிகிறதே, அந்தக் கேப்சைசின்தான். அது நரம்பு நுனியில் இருக்கும் எந்தக் கதவு வழியாக நரம்பைத் தூண்டுகிறது என்று டேவிட் ஜூலியஸ் குழு 1997-ல் கண்டுபிடித்தது. சுடுகிற சூட்டை உணர்வதும் அதே கதவு வழியாகத்தான். அதற்காக 2021-ல் நோபல் பரிசு. தொடர்ந்து தடவினால் அந்த நரம்பு நுனிகள் சோர்ந்து வலிச் சேதியைக் குறைக்கின்றன. வீட்டு மிளகாயை அரைத்துப் பூசிவிடாதீர்கள், தோல் வெந்துபோகும்.

பயிற்சி சொல்லித்தர ஆள் வேண்டுமே என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபி உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ல் அந்தத் திட்டம் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கான வலி நிவாரண சேவையும் அதிலேயே இருக்கிறது. ஓபியாய்டு பற்றி மேலே சொன்னது புற்றுநோய் வலிக்குப் பொருந்தாது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அங்கே மார்ஃபின் மாத்திரைதான் ஆதாரம். உலக சுகாதார நிறுவனம் 1986-லேயே வழிகாட்டியது. நம் நாட்டில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் பல ஆஸ்பத்திரிகள் அதை வாங்கி வைக்கவே பயந்தன. 2014-ல் திருத்தம் வந்தபிறகு வழி இலகுவானது. வீட்டில் யாராவது அப்படித் துடித்தால் "பழக்கமாகிவிடும்" என்று தடுக்காதீர்கள்.

கடைசியாக, தர்மபுரிக்காரர் என்பதால் கேட்கிறேன்: அம்மா சின்ன வயதிலிருந்து குடித்தது எந்தத் தண்ணீர்? போர்வெல் தண்ணீர் என்றால், பற்களில் பழுப்புக் கறை இருக்கிறதா? கழுத்தைத் திருப்ப, குனிய, கையை முழுக்க மடக்க முடியாமல் விறைப்பு இருக்கிறதா? நம் இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு என்ற உப்பு அதிகம். வருஷக்கணக்கில் உள்ளே போனால் எலும்பில் படிந்து, தசைநார்கள் கல்லாகி, மூட்டுவலி மாதிரியே வலிக்கும். முட்டி, இடுப்பு மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் என்று முடித்துவிட வாய்ப்புண்டு. முன்கை எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புக்கும் நடுவே சுண்ணாம்பு படிந்திருப்பது தெரிந்தால் சந்தேகம் உறுதியாகும். இதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். கால் மரத்துப்போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது இருந்தால் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும்.

ஜப்பான் கடனுதவியோடு கட்டி 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்த ஃப்ளூரைடுக்காக வந்ததுதான். உங்கள் வீட்டில் குடிப்பதற்கும் சமையலுக்கும் அந்தத் தண்ணீர்தானா, இல்லை அது வராத நாளில் போர் தண்ணீரா என்று பாருங்கள். காய்ச்சினால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் சுண்டி இன்னும் அடர்த்தியாகும். ஒரு பாட்டிலில் பிடித்து மாவட்டக் குடிநீர் வாரியப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் அதைக் குடிக்கக் கூடாது. வீட்டில் எட்டு வயதுக்குள் பிள்ளைகள் இருந்தால் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவர்களுக்குத் தண்ணீரை மாற்றிவிடுங்கள். நிரந்தரப் பற்கள் உருவாவது அந்த வயதுக்குள்தான்.